கம்பெனி சொல்லும் மைலேஜ், டேங்க் சொல்லும் மைலேஜ்

விளம்பரத்தில் லிட்டருக்கு 24 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள், ஓட்டிப் பார்த்தால் 17, 18க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. இந்தப் புலம்பல் இல்லாத கார் மாடலே கிடையாது. கம்பெனி புளுகுகிறது என்று சிலரும், வண்டியில் ஏதோ கோளாறு என்று சிலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. அந்த 24 ஓர் அறைக்குள் எடுக்கப்பட்ட எண். எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால், குறையும் 6 கி.மீ. எங்கே போனது என்பதைக் கிட்டத்தட்ட கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அறைக்குள் நடப்பது

சோதனைக் கூடத்தில் கார் இடத்தை விட்டு நகர்வதில்லை. சக்கரங்கள் இரும்பு உருளைகளின் மேல் நின்று சுற்றும். எதிரே ரேடியேட்டருக்குக் காற்று தர ஒரு பெரிய ஃபேன். ஓட்டுபவருக்கு முன்னால் உள்ள திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். எந்த விநாடியில் எந்த வேகம் என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கும். மணிக்கு 2 கி.மீ. கூடவோ குறையவோ போகலாம், அதற்கு மேல் விலகக் கூடாது. பெரும்பாலான நாடுகளின் சோதனையில் ஏசி அணைத்திருக்கும், ஹெட்லைட்டும் அணைத்திருக்கும். மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே பாயும் பைக்கும் இல்லை.

டேங்கில் எவ்வளவு குறைந்தது என்று அங்கே யாரும் அளப்பதில்லை. சைலன்சர் வழியே வரும் புகையைப் பைகளில் பிடித்து, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று பார்த்து, அவ்வளவு கார்பன் வர எவ்வளவு எரிபொருள் எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டீசலுக்குச் சுமார் 2.6 கிலோ. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் கார் ஒன்றின் கார்பன் டை ஆக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 115 கிராம் என்று போட்டிருந்தால், 23ஆல் வகுங்கள்: 100 கி.மீ.க்கு 5 லிட்டர், அதாவது லிட்டருக்கு 20 கி.மீ. டீசலுக்கு 26ஆல் வகுக்க வேண்டும். மைலேஜைத் தனியாகப் போடாத விவரப் பட்டியலிலிருந்தும் இப்படி எடுத்துவிடலாம்.

நிற்கிற காருக்குக் காற்றின் எதிர்ப்பு எங்கிருந்து வரும்? அதை முன்கூட்டியே வேறு இடத்தில் அளந்து வைத்திருப்பார்கள். நேரான, மட்டமான பாதையில் காரை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் போட்டு உருள விடுவார்கள். வேகம் குறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதிலிருந்து மொத்த எதிர்ப்பும் கிடைக்கும். அந்த எண்ணை உருளைகளுக்கு ஊட்டிவிடுவார்கள். மொத்த சோதனையிலும் இடறக்கூடிய இடம் இதுதான். 2012இல் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜ் எண்ணைக் குறைத்து மறுபடி அறிவிக்க வேண்டி வந்தது இந்த அளவில் வந்த தவறால்தான். 2016இல் ஜப்பானில் மிட்சுபிஷி, இதே எதிர்ப்பு அளவை மாற்றிக் காட்டியதாக ஒப்புக்கொண்டது. உருளையில் ஓட்டிய விதத்தில் குறை இல்லை. ஊட்டிய எதிர்ப்பு எண்ணே உண்மையைவிடக் குறைவாக இருந்தது.

எந்தச் சோதனை என்று கேளுங்கள்

ஐரோப்பாவின் பழைய சோதனை என்இடிசி. 1180 விநாடி, சுமார் 11 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 33 கி.மீ. சொச்சம். 120 கி.மீ. வேகத்தைக் கடைசியில் சில விநாடிகள் மட்டும் தொடும். நகரப் பகுதியில் நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகம் எடுக்க அது தரும் நேரம் 26 விநாடி. சிக்னலில் அப்படிக் கிளம்பினால் பின்னால் நிற்பவர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். இந்தியாவில் பயன்பட்டு வரும் எம்ஐடிசி இதன் உடன்பிறப்பு. வேகம் மட்டும் 90 கி.மீ.யோடு நின்றுவிடும்.

2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை வந்தது. 1800 விநாடி, 23 கி.மீ., சராசரி 46.5, உச்சம் 131. காரில் பூட்டும் கூடுதல் வசதிகளின் எடையும் கணக்கில் சேரும். அமெரிக்கா 2008 மாடல் ஆண்டிலிருந்து ஐந்து விதமான ஓட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. அதில் ஒன்று 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டுவது; இன்னொன்று மைனஸ் 7 டிகிரி குளிரில்; மற்றொன்று மணிக்கு 129 கி.மீ. வரை போவது. அதனால்தான் அமெரிக்க எண்கள் பார்க்கச் சுமாராகவும், சாலைக்கு நெருக்கமாகவும் இருக்கின்றன. ஜப்பானின் பழைய ஜேசி08 சோதனையோ வெறும் 8 கி.மீ., சராசரி வேகம் 24.

ஆகவே ஒரு காரின் என்இடிசி எண்ணையும் இன்னொரு காரின் டபிள்யூஎல்டிபி எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. ஒரே சோதனையில் எடுத்த எண்கள் என்றால் மட்டுமே ஒப்பிடலாம். அந்த அளவுக்கு மட்டும்தான் அறிவிக்கப்பட்ட மைலேஜுக்கு மதிப்பு. ஆனால் அந்த அளவுக்கு அதை நம்பலாம்.

வித்தியாசம் எவ்வளவு? ஐரோப்பாவில் என்இடிசி காலத்தில் ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு தொடர்ந்து கணக்கெடுத்தது. 2001இல் சாலையில் எரிந்தது அறிவித்ததைவிட சுமார் 9 சதவீதம் அதிகம். 2015இல் 42 சதவீதம் அதிகம். இடைப்பட்ட காலத்தில் மக்கள் ஓட்டும் முறை அவ்வளவு மோசமாகிவிடவில்லை. சோதனையில் நல்ல எண் எடுப்பது எப்படி என்பதைக் கம்பெனிகள் நன்றாகக் கற்றுக்கொண்டன, அவ்வளவுதான். டபிள்யூஎல்டிபி வந்தபின் இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. ஐரோப்பாவில் புதிய கார்களில் எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் மீட்டர் இப்போது கட்டாயம். 2021இல் பதிவான கார்களின் மீட்டர் விவரங்களை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டபோது, பெட்ரோல், டீசல் கார்கள் அறிவித்ததைவிட சுமார் 20 சதவீதம் அதிகம் குடிப்பது தெரிந்தது.

இதிலிருந்து வாங்கும் முன்பே ஒரு தோராயம் போடலாம். டபிள்யூஎல்டிபி எண்ணை 0.83ஆல் பெருக்குங்கள், என்இடிசி வகை எண்ணை 0.7ஆல். 24 என்றால் 17 வரும். முதல் பத்தியில் புலம்பியவருக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான்.

இங்கே ஒரு சதவீதக் குழப்பம் இருக்கிறது, கவனியுங்கள். 24 சொல்லி 18 கிடைத்தால் மைலேஜ் 25 சதவீதம் குறைவு. ஆனால் 100 கி.மீ.க்கு 4.17 லிட்டர் போதும் என்றது 5.56 ஆகிவிட்டது, எரிபொருள் 33 சதவீதம் அதிகம். இரண்டும் ஒரே விஷயம். யாராவது சதவீதத்தை வீசினால் எதன் சதவீதம் என்று கேட்டுவிட்டுத்தான் வாதத்தில் இறங்க வேண்டும்.

மீதி எங்கே போகிறது

மைலேஜ் வரவில்லை என்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "சராசரி வேகம் எவ்வளவு காட்டுகிறது?" என்பதுதான். டிஸ்ப்ளேயில் ட்ரிப் கணக்கோடு அதுவும் இருக்கும். 15, 18 என்று காட்டினால், கோளாறு தேடிப் பயனில்லை. வண்டி நகராத நேரம்தான் பெட்ரோலைக் குடிக்கிறது.

கணக்குப் பார்ப்போம். ஒரு சிறிய பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்று ஓடினால் மணிக்குச் சுமார் 0.7 லிட்டர் குடிக்கும். ஏசி போட்டால் ஒரு லிட்டரை நெருங்கும். சராசரி 15 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறீர்கள், அதில் 24 நிமிடம் நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஏசி இல்லாமலே நின்றதற்கு மட்டும் 0.28 லிட்டர். லிட்டருக்கு 24 என்ற கணக்கில் அந்த 15 கி.மீ.க்குக் கம்பெனி ஒதுக்கியது மொத்தமே 0.625 லிட்டர். பாதிக்குச் சற்றே குறைவான பங்கு, ஒரு அடிகூட நகராமல் காலி.

அடுத்தது, நின்று நின்று கிளம்புவது. 1200 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 116 கிலோ ஜூல். இன்ஜின் எரிபொருளில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தால், அந்த வேகத்தை எட்ட 14, 15 மில்லி பெட்ரோல் தேவை. பிரேக் மிதித்த அடுத்த நிமிடம் அது முழுக்க சூடாகி பிரேக் டிஸ்க் வழியே போய்விடுகிறது. கிலோமீட்டருக்கு இரண்டு முறை இப்படி நின்றால் 30 மில்லி. லிட்டருக்கு 24 கி.மீ. கொடுக்க வேண்டிய வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கான மொத்தப் படியே 42 மில்லிதான்.

அதனால் மைலேஜ் கூட்டும் பழக்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால், தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதைத்தான் சொல்ல வேண்டும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இப்போதைய இன்ஜின்களில் இன்ஜெக்டர் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். வண்டி உருளும் வேகமே இன்ஜினைச் சுற்ற வைக்கும். டிஸ்ப்ளேயில் உடனடி மைலேஜ் உச்சிக்குப் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. நியூட்ரலில் இன்ஜின் தானாக ஓட பெட்ரோல் வேண்டும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது.

நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. அங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இலிருந்து 100க்குப் போனால் 56 சதவீதம் அதிகம். 90இலிருந்து 120க்குப் போனால் 78 சதவீதம் அதிகம். நடுத்தர காருக்கு 90இல் காற்றும் டயர் உராய்வும் சேர்ந்து சுமார் 380 நியூட்டன் தள்ளினால், 120இல் 580ஐத் தாண்டும். உச்சம் 90 என்று வைத்த சோதனையின் எண்ணை 120இல் ஓட்டி எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூரை மேல் பெட்டி கட்டினால் இன்னும் மோசம்: மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு. வேலை முடிந்ததும் கேரியரைக் கழற்றி வையுங்கள்.

குறுந்தூர ஓட்டம் தனிக் கதை. இன்ஜின் சூடேறும் வரை ஆயில் கெட்டியாக இருக்கும், பெட்ரோல் கலவையும் கூடுதலாகப் போகும். 3, 4 கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி 3 கி.மீ. ஓட்டினால் வண்டி ஒருநாளும் அதன் நல்ல நிலைக்கு வருவதில்லை. டீசலில் இதற்கு இன்னொரு தண்டனை உண்டு: புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைச் செலவிடும், குறுந்தூரம் ஓடும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்று திரும்பத் திரும்பத் தொடங்கும்.

ஏசியைப் பொறுத்தவரை, அது கேட்பது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. அதனால் டிராஃபிக்கில் அதிகம் உறைக்கும், நெடுஞ்சாலையில் அவ்வளவு தெரியாது. வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுவது பலன் தரும். வேகம் எடுத்தபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போவதே மேல்.

சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இடைவெளி கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கூடுதல் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சோதனையின் மெதுவான முடுக்கத்தில் அதற்குப் பெரிதாக வேலையே இல்லை. ஒரு லிட்டர் இன்ஜின் ஒரு லிட்டர் இன்ஜினாகவே குடிக்கும். ஐந்து பேரை ஏற்றி மேட்டில் மிதித்தால் அது பெரிய இன்ஜின் போல இழுக்கும், பெரிய இன்ஜின் போலவே குடிக்கும்.

எத்தனால் கலப்பையும் மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறையும். அதற்கேற்ப டியூன் செய்யாத வண்டியில் அது அப்படியே மைலேஜில் தெரியும்.

டயர் காற்று பற்றி எல்லோரும் அதிகமாகவே பேசுகிறார்கள். நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம்தான் போகும். 5 குறைந்தாலும் 1 சதவீதம். காற்றைச் சரியாக வைப்பது டயரின் ஆயுளுக்கும் உங்கள் ஆயுளுக்கும். ஏர் ஃபில்டரும் அப்படித்தான்: இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜினில் அடைத்த ஃபில்டரால் பிக்கப் குறையும், மைலேஜ் கிட்டத்தட்ட மாறாது. உள்ளே வரும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது.

சரியாக அளப்பது

டிஸ்ப்ளேயில் வரும் சராசரி மைலேஜ், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து போடும் கணக்கு. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நம்பத்தக்கது ஃபுல் டேங்க் முறைதான், அதையும் ஒழுங்காகச் செய்தால்.

நாசில் தானாக "டக்" என்று நிற்கும் முதல் இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ரவுண்டாக்கக் கூடாது. கழுத்து வரை ஊற்றுவது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் நிற்கும், டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பும் கெடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்க் கால்பங்குக்கு வரும் வரை ஓட்டுங்கள். அதே பெட்ரோல் பங்க்கில், அதே பம்பில், வண்டியை அதே திசையில் நிறுத்தி, மறுபடி முதல் "டக்" வரை நிரப்புங்கள். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஒரு லிட்டர் வரை வித்தியாசம் வரலாம். 10 லிட்டர் போட்டு அளந்தால் அந்த ஒரு லிட்டர் 10 சதவீதப் பிழை. 35 லிட்டரில் 3 சதவீதம். ஐந்து லிட்டர் போட்டுவிட்டு மைலேஜ் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஒரு டேங்க் போதாது. ஐந்தாறு டேங்க் குறித்து, மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். தனித்தனி மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தப்பு வரும்: 100 கி.மீ. லிட்டருக்கு 20 வீதமும், இன்னொரு 100 கி.மீ. லிட்டருக்கு 10 வீதமும் ஓடியிருந்தால் சராசரி 15 அல்ல. 15 லிட்டரில் 200 கி.மீ., அதாவது 13.3.

இந்த எண்ணை டிஸ்ப்ளே எண்ணோடு ஒப்பிட்டால் உங்கள் மீட்டரின் பொய் தெரியும். டிஸ்ப்ளே 19.2, டேங்க் கணக்கு 17.9 என்றால் 0.93. அதன்பின் டிஸ்ப்ளே காட்டுவதை 0.93ஆல் பெருக்கிக்கொண்டால் போதும். ஒவ்வொரு முறையும் நிரப்பி அளக்க வேண்டியதில்லை.

ஓடோமீட்டரும் சரியாக இருக்க வேண்டும். கிலோமீட்டர் கல் உள்ள சாலையில் 20 கி.மீ. ஓட்டியோ, ஜிபிஎஸ் வைத்தோ சரிபாருங்கள். 8 மி.மீ. பள்ளமுள்ள புது டயர் தேய்ந்து 2 மி.மீ. ஆனால், 300 மி.மீ. ஆரத்தில் 6 மி.மீ. குறைகிறது, ஓடோமீட்டர் 2 சதவீதம் கூட்டிக் காட்டும். தேய்ந்த டயருக்கு உருளும் எதிர்ப்பும் குறைவு. டயர் மாற்றிய உடனே மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்வதன் காரணம் இந்த இரண்டும்தான். அளவில் பெரிய டயர் போட்டவர்களுக்கு மீட்டர் குறைத்துக் காட்டும், மைலேஜும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அடர்த்தி அதிகம் என்ற பேச்சை விட்டுவிடலாம். 10 டிகிரி மாறினால் ஒரு சதவீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் பூமிக்கடியில் இருக்கும் டேங்கின் வெப்பநிலை காலைக்கும் மாலைக்கும் அவ்வளவு மாறாது.

உங்கள் விகிதம்

டேங்க் கணக்கில் வந்த எண்ணை அறிவிக்கப்பட்ட எண்ணால் வகுத்துப் பாருங்கள். 17.9 கீழ் 24 என்றால் 0.75. இது காரைப் பற்றியதைவிட உங்கள் பாதை, உங்கள் போக்குவரத்து, உங்கள் கால் பற்றிய எண். அதே பாதையில் ஓட்ட அதே வகை இன்ஜினுள்ள வேறு காரை வாங்கும்போது, அதே சோதனையில் அதற்கு 20 என்று இருந்தால் 15ஐ எதிர்பார்க்கலாம். வகை மாறினால் இந்த விகிதம் செல்லாது. ஹைப்ரிட் கார் பிரேக்கில் போகும் ஆற்றலைப் பிடித்து வைப்பதால் நகர நெரிசலில் விகிதம் ஏறும், நீண்ட நெடுஞ்சாலையில் இறங்கும். சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட்டின் எண்ணையோ கண்டுகொள்ளவே வேண்டாம்: தினமும் சார்ஜ் போடுவீர்கள் என்ற அனுமானத்தில் நிற்கும் எண் அது. மேலே சொன்ன ஐரோப்பிய மீட்டர் விவரங்களில் அவை சராசரியாக அறிவித்ததைப் போல மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு விட்டிருந்தன.

கோளாறைக் கண்டுபிடிக்கவும் இந்த விகிதம்தான் உதவும். பாதையும் பருவமும் மாறாமல் இரண்டு டேங்க் தொடர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் வண்டியைப் பார்க்க வேண்டும். அதிகம் பிரேக் மிதிக்காமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் வெப்ப முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே நின்றால், இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கும். இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட். இவை எதுவும் இல்லாமல் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் சென்சாரை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு விடும்போது "மைலேஜ் குறைகிறது" என்று மட்டும் சொன்னால் ஃபில்டரும் பிளக்கும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். டேங்க் வாரியாகக் குறித்த தாளை, சராசரி வேகத்தோடு சேர்த்து மெக்கானிக்கின் கையில் கொடுங்கள்.